பும்ராவின் முதுகும் போட்டி அட்டவணையும்

"ஐபிஎல்னா உடம்பு நல்லா இருக்கு, டெஸ்ட்டுன்னா மட்டும் வலி வந்துடுதா?" 2025 இங்கிலாந்துத் தொடரில் பும்ரா ஐந்தில் மூன்று டெஸ்ட் மட்டும் ஆடியபோது எங்கே பார்த்தாலும் இதே கேள்விதான். சிராஜ் ஐந்திலும் ஆடி, 185 ஓவருக்கு மேல் வீசி, ஓவலில் 6 ரன் வெற்றியையும் வாங்கிக் கொடுத்தார். அது பெரிய காரியம்தான். ஆனால் சிராஜ் முதுகு வேற, பும்ரா முதுகு வேற. 2022-ல் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சரால் டி20 உலகக் கோப்பையையே தவறவிட்டு, 2023 மார்ச்சில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதுகு அது.

2024 டிசம்பர் மெல்போர்ன் டெஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து பும்ரா வீசியது 53.2 ஓவர். ஐபிஎல்லில் ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 4 ஓவர். பன்னிரண்டு ஆட்டம் முழுசா வீசினாலும் 48-தான் வரும். அதாவது இரண்டு மாச ஐபிஎல் வேலையைவிட அதிகமாக ஐந்தே நாளில். மூன்று நாள் இடைவெளியில் சிட்னி டெஸ்ட். அதன் இரண்டாம் நாளே ஸ்கேன் எடுக்கப் போனவர் கடைசி இன்னிங்ஸில் பந்தைத் தொடவே இல்லை. 32 விக்கெட் எடுத்த தொடர் அப்படி முடிந்தது. அடுத்து சாம்பியன்ஸ் டிராபியும் போச்சு.

மொத்தம் எத்தனை ஓவர் என்பதைவிட, சுமை எவ்வளவு திடீரென்று ஏறுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தசை சீக்கிரம் தேறிவிடும். எலும்பு மெதுவாகத்தான் பழகும். நாலு ஓவருக்குப் பழகிய உடம்பை நாளுக்கு இருபது ஓவருக்குக் கொண்டுவர வாரக்கணக்கில் படிப்படியாக ஏற்ற வேண்டும். நம்ம அட்டவணையில் அந்த வாரங்கள் எங்கே? 2023-ல் ஐபிஎல் இறுதிப்போட்டி மே 29 நள்ளிரவைத் தாண்டி முடிந்தது. ஜூன் 7-ல் லண்டனில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி! 2025-ல் கொஞ்சம் பரவாயில்லை: ஜூன் 3-ல் ஐபிஎல் முடிய, ஜூன் 20-ல் லீட்ஸ் டெஸ்ட்.

கபில்தேவ் கதையை இழுப்பவர்கள் உண்டு. 131 டெஸ்ட் ஆடினார். நடுவில் விட்டது ஒன்றே ஒன்று, அதுவும் காயத்தால் இல்லை, அணியிலிருந்து நீக்கியதால். உண்மைதான். ஆனால் அவரை வைத்து எல்லா வேகப்பந்து வீச்சாளர்களையும் அளப்பது, எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் பீடி குடிச்சார்னு சொல்ற மாதிரி.

'வொர்க்லோட் மேனேஜ்மென்ட்' என்ற சொல்லே எனக்கு எரிச்சல் தருகிறது. வீரரைத்தான் நிர்வகிக்கிறார்கள், அட்டவணையை யாரும் தொடுவதில்லை. 2022-ல் ஐபிஎல்லைப் பத்து அணி, 74 ஆட்டம் என்று நீட்டியதும் வாரியம்தான். ஐந்து வருட ஒளிபரப்பு உரிமையை 48,390 கோடிக்கு விற்றதும் வாரியம்தான். அந்த நாட்களை விற்றவர்களை விட்டுவிட்டு, ஓய்வு கேட்கிறவரிடம் போய் தேசபக்தி இருக்கான்னு கேட்கிறோம்.