பூணூலும் பந்தியும்

கொங்கு நாட்டு மண்ணைத் தோண்டியவர்களின் கைக்கு உரோமைப் பேரரசின் காசுகள் பலமுறை அகப்பட்டிருக்கின்றன. வெள்ளலூர், கத்தாங்கண்ணி, கரூர் ஆகிய ஊர்களில் கிடைத்தவற்றுள் அகுஸ்து, திபேரியு ஆகிய பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் குறிப்பிடத்தக்கவை. திபேரியுவின் காசில், அவர் தெய்வமாக்கப்பட்ட அகுஸ்துவின் மகன் எனப் பொறிக்கப்பட்டுள்ளது. வரி செலுத்துவது முறையா என்று கேட்டவர்களிடம் ஆண்டவர் இயேசு வாங்கிப் பார்த்த தெனாரியம் இவ்வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. அரசும் வாணிபமும் வழிபாடும் ஒரு சிறு வெள்ளித் துண்டில் பிரிக்க முடியாதபடி இணைந்திருந்தன. அவற்றைப் பிரிக்க முடியும் என்று வாதிட்ட ஒரு நூலைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

தத்துவ போதகர் என நாம் போற்றும் இராபர்ட் தெ நோபிலி, 1606-இல் மதுரைக்கு வந்தவர். தம் மறைப்பணி முறைக்கு எழுந்த கண்டனங்களுக்கு விடையாக 1619-இல் இலத்தீன் மொழியில் விரிவான விளக்க நூல் ஒன்றை எழுதினார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை சமூக நிலையைக் காட்டும் அடையாளங்களே. அவற்றிலுள்ள மூடநம்பிக்கையை நீக்கிவிட்டால் கிறிஸ்தவர் அவற்றைக் கைக்கொள்ளலாம் என்பது அவரது துணிபு. தொடக்கத் திருச்சபை கிரேக்க, உரோமை மக்களின் வழக்கங்களை எவ்வாறு ஏற்றுத் தூய்மைப்படுத்தியது என்பதைச் சான்றாகக் காட்டினார். திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் 1623-இல் இம்முறைக்கு இசைவு அளித்தார்.

இவ்வாதத்தின் வலிமையை மறுப்பதற்கில்லை. இன்று நம் திருமணங்களில் மணமக்கள் அணியும் மோதிரம் உரோமையரின் மண ஒப்பந்த வழக்கத்திலிருந்து வந்ததே. தெர்த்தூலியன் என்னும் கண்டிப்பான ஆசிரியரும்கூட, கிறிஸ்தவர்கள் பிற மக்களோடு சந்தையிலும் குளியலகத்திலும் தொழிற்கூடத்திலும் கலந்தே வாழ்கின்றனர் என்று 197-ஆம் ஆண்டளவில் எழுதினார். நற்செய்தி ஒரு நாட்டின் உடையைக் களைவதற்காக வரவில்லை என்பதை நோபிலி தெளிவாக உணர்ந்திருந்தார். ஐரோப்பிய உடையையே கிறிஸ்தவமாகக் கருதியவர் பலர் இருந்த அக்காலத்தில் அது அரிய தெளிவு.

ஆனால் உரோமைச் சமயத்தின் இயல்பை இன்னும் உற்று நோக்க வேண்டும். அது விசுவாச அறிக்கையைக் கேட்ட சமயமன்று. பங்கேற்பைக் கேட்ட சமயம். வீட்டுக்கு ஒரு தெய்வம், நகருக்கு ஒரு தெய்வம், தொழிற்சங்கத்துக்கு ஒரு தெய்வம். நெசவாளரும் துணி வெளுப்போரும் மார்ச் 19-இல் மினர்வா தேவிக்கு விழா எடுத்தனர். அவளே கல்விக்கும் கைத்தொழிலுக்கும் தலைவி. அத்தெய்வங்களோடு அவரவர்க்குரிய இருக்கையும் வந்தது. யார் முன்னே, யார் பின்னே என்பதைப் பலியும் விருந்துமே காட்டின.

பிளினி என்னும் உரோமை அதிகாரி தம் கடிதம் ஒன்றில், தாம் கலந்துகொண்ட ஒரு விருந்தை வருணிக்கிறார். செல்வந்தருக்கு ஒரு திராட்சை இரசம்; தாழ்ந்த நண்பர்களுக்கு வேறொன்று; விடுதலை பெற்ற அடிமைகளுக்கு மூன்றாவது. பிளினி இதனை இகழ்ந்தே எழுதுகிறார். அவரே பின்னாளில், ஏறத்தாழ 112-இல், பித்தினியா மாநில ஆளுநராகக் கிறிஸ்தவர்களை விசாரித்தார். விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுகிறார்கள், பின்னர் சேர்ந்து உண்கிறார்கள் என்று அறிந்தார். பணிப்பெண்கள் எனத் திருச்சபையில் அழைக்கப்பட்ட இரு அடிமைப் பெண்களை வதைத்து உண்மையைக் கறக்க முயன்றார். உரோமையின் கண்ணில் வெறும் உடைமைகளாக இருந்த அவ்விருவர் திருச்சபையில் பொறுப்பு வகித்தனர். கொரிந்தில் செல்வர் உண்டு குடித்து மகிழ, எளியோர் பசித்திருந்தபோது தூய பவுல் கொதித்தெழுந்ததும் இதே காரணத்தால்தான். படைக்கப்பட்ட இறைச்சி பற்றி அவர் சில இடங்களில் விட்டுக்கொடுத்தார். பந்தியைப் பிரிப்பதில் விட்டுக்கொடுக்கவில்லை.

இங்கேதான் தத்துவ போதகரின் நூல் தடுமாறுகிறது என்பது நம் கருத்து. சாதிப் பிரிவை ஐரோப்பியப் பிரபுக்களின் உயர்வு தாழ்வு போன்ற சமூக ஏற்பாடாகவே அவர் கருதினார். பூணூலைக் குறித்து உரோமையிடம் சான்று தேடியவர், பந்தியைக் குறித்துக் கொரிந்திடம் போதிய சான்று தேடவில்லை. அவருக்கு இசைவளித்த அதே 1623-ஆம் ஆண்டு ஆணை, உயர்குலத்தார் கோவிலில் எளியோரை இகழலாகாது என்று மன்றாடியதையும் நினைவுகூர வேண்டும். இசைவு நிலைத்தது, மன்றாட்டு மறக்கப்பட்டது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகக் கோவிலைப் பிரித்து நின்ற சுவர், 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அச்சுவருக்கு நோபிலி ஒருவரையே பொறுப்பாக்குவது அநீதி. ஆயினும், சாதி வெறும் சமூக வழக்கமே என்னும் சொல் அதற்குச் சாந்தாகப் பயன்பட்டது என்பதை மறைப்பதும் நேர்மையாகாது.

திருப்பூர்ப் பகுதியில் வாழும் நமக்கு இது பழங்கதையன்று. திருவெளிப்பாட்டில் கண்டிக்கப்படும் தியத்திரா நகரும் சாயத்தொழிலாளர் சங்கங்கள் செழித்த நகரே. செந்நிறத் துணி விற்ற லீதியாவின் ஊரும் அதுவே. படைக்கப்பட்டதை உண்பது பற்றிய சிக்கல் அங்கும் எழுந்தது. ஆயுதபூசை நாளில் பனியன் கம்பெனியில் எந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, தொழிலாளர் அனைவருக்கும் பொரியும் கடலையும் வழங்குவார்கள். அதை வாங்கலாமா என்று நம் மக்கள் குருக்களிடம் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அடுத்திருப்பவரின் மனச்சான்றை எண்ணி முடிவு செய்யுங்கள் என்பதே பவுலடியாரின் விடை. ஆனால் அதே மக்களுள் சிலர், கல்லறைத் தோட்டத்தில் யார் எந்தப் பக்கம் புதைக்கப்பட வேண்டும் என்றோ, பங்கு விழா விருந்தில் யார் சமைத்ததை உண்ணலாம் என்றோ எவரிடமும் கேட்பதில்லை. அது வழக்கம் என்று அமைதியடைகிறார்கள். தென்மாவட்டத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்து ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்பவரின் பெயரைக்கூட நாம் கேட்பதில்லை.

அன்பர்களே, பல தெய்வ வழிபாட்டிலிருந்து தொடக்கக் கிறிஸ்தவர்களைப் பிரித்துக் காட்டியது தெய்வங்களின் எண்ணிக்கை மட்டுமன்று. ஒரே கடவுளை அறிக்கையிட்டவர்கள் ஒரே அப்பத்தில் பங்குகொண்டார்கள். கடவுள் ஒருவரே என்று நாவால் சொல்லிவிட்டுப் பந்தியை இரண்டாக்குபவர், தம்மை அறியாமலேயே பழைய உரோமையின் தெய்வங்களுக்குப் படையல் இடுகிறார். கையில் வாங்கிய பொரியைவிட, கைகொடுக்க மறுத்த சகோதரரைப் பற்றியே நாம் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.