காவடிக்குப் பக்கத்தில் நடப்பவர்

பட்டர்வொர்த்தை ஒட்டிய மாக் மண்டினில் தைப்பூசம், பினாங்குத் தீவுக்குக் கிளம்பும் காலையில் தொடங்குவதில்லை. விரதத்துக்காக வீட்டில் கவிச்சி நிற்கிற அன்றே தொடங்கிவிடுகிறது. தீவிலுள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அலகு குத்திப் போகிறவருக்கு ஏன் அவ்வளவாக வலிப்பதில்லை, ஏன் மறு ஆண்டும் போகிறார்? உளவியல் முதலாண்டுப் பாடத்தின் அணுகுமுறைகளை எடைபோட எனக்கு இதைவிட நல்ல கேள்வி தெரியவில்லை.

பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கொலீன் வார்டு, மலேசியத் தைப்பூசத்தின் மருளையும் அலகையும் உளவியலும் மானிடவியலும் கலந்து ஆராய்ந்து 1984இல் கட்டுரை வெளியிட்டார். சாமி வருவதை நோயாக மட்டும் பார்த்த பழக்கத்திலிருந்து விலகி நிற்கும் ஆய்வு அது.

உடலியல் அணுகுமுறை வலியிலிருந்து தொடங்கும். முதுகுத்தண்டில் வலிக்கு ஒரு வாசல் உண்டு, மூளையால் அதைச் சாத்தவும் முடியும் என்று மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் சொன்னார்கள். உடலே சுரக்கும் வலிதணிப்பியான எண்டார்பின் பற்றிய அறிவு பின்னால் வந்து சேர்ந்தது. வலி ஏன் குறைகிறது என்பதற்கு இது பதில். ஏன் போகிறார் என்பதற்கு இல்லை.

நடத்தையியலார் உறுமி மேளத்தைக் கேட்கச் சொல்வார்கள். அப்பாவின் தோளில் உட்கார்ந்து அந்தத் தாளத்தோடு மருளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, பின்னாளில் மருள் வரத் தாளம் ஒன்றே போதும். உள்ளத்தின் ஆழத்தைத் தேடுகிறவர்கள் பிராய்டோடு நிற்க வேண்டியதில்லை. கல்கத்தாவில் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், ஒவ்வோர் ஆசைக்குள்ளும் அதன் எதிர் ஆசை ஒளிந்திருக்கிறது என்றார்: அடிக்கும் ஆசைக்குள் அடிபடும் ஆசை. காவடியைப் பார்க்கையில் எனக்குப் பிராய்டைவிடப் போஸே நெருக்கமாகத் தெரிகிறார். மனிதநேய அணுகுமுறையின் மாஸ்லோ இந்த மருளை உச்ச அனுபவம் என்பார். பெயர் பொருந்துகிறது, விளக்கம் போதவில்லை.

அறிதல் அணுகுமுறை கொஞ்சம் கூர்மையானது. பாடுபட்டுப் பெற்றதை மனம் மதிப்புயர்த்திக் கொள்ளும் என்பது உளவியலாளர் பெஸ்டிங்கர் 1957இல் முன்வைத்த அறிதல் முரண் கோட்பாட்டிலிருந்து கிளைத்த கருத்து. ஆனால் மொரீஷியஸ் தைப்பூசத்தில் திமித்ரிஸ் ஜிகலாடாஸ் குழு செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இதை இடறவைக்கிறது. கையில் 200 ரூபாய் கொடுத்து, விரும்பினால் கோயிலுக்கு மறைவாகப் போடலாம் என்றார்கள். கூட்டுப் பிரார்த்தனையில் இருந்தவர்கள் சராசரியாக 81 ரூபாய் போட்டார்கள், காவடி எடுத்தவர்கள் 133. உடன் நடந்து வந்தவர்களோ 161! அலகு குத்தாத உடம்புக்குப் பாடுபட்ட கணக்கு எப்படிப் பொருந்தும்?

அதனால்தான் சமூகப் பண்பாட்டு அணுகுமுறையைப் பாடநூலின் கடைசிப் பக்கங்களில் ஒதுக்கிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே குழு 2019இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், நாள்பட்ட நோயும் வறுமையும் உள்ளவர்களே கூடுதல் வலியை ஏற்றார்கள். வலி கூடியவர்களிடம் மனநலமும் கூடுதலாகத் தேறியது. நேர்த்திக்கடன் என்ற நம் சொல்லில் நோய், வறுமை, நன்றி மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன.

மொரீஷியஸில் கோயிலுக்குப் போட்ட பணத்தை எண்ணியது திருநாளையொட்டி. மாக் மண்டின் வீட்டில் கணக்கை இன்னும் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்: மகனுக்காகத் தானும் கவிச்சி விட்டு, தரையில் பாய் விரித்துப் படுத்து, அன்று எலுமிச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் அவன் பக்கத்திலேயே வெறுங்காலில் மலை ஏறும் அம்மாவிடமிருந்து.