'என் சுய விருப்பத்தின் பேரில்': ஓர் ஒப்புதல் படிவத்தை வாசித்தல்

2024 ஆகஸ்டில் ஓர் இரவு, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு பிரதியை வாசித்தேன். நான்கு பக்கம். ஆங்கிலத்தில் அச்சாகி, பக்கத்திலேயே யாரோ அவசரத்தில் செய்த தமிழ். "மேடம், பெருக்கல் குறி போட்ட எடத்துல எல்லாம் கையெழுத்து போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இருபது வருஷமாகச் சிறுபத்திரிகை படிக்கிறவள் நான். அதிகாரம், சொல்லாடல், தன்னிலை என்றெல்லாம் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆனால் எந்தப் பிரதியும் அன்றைக்கு அந்தப் படிவம் பயமுறுத்திய மாதிரி என்னைப் பயமுறுத்தியதில்லை. காலையில் என் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்போகிறார்கள். அதற்கு ஒரு வாக்கியம்தான் அனுமதி: 'என் சுய விருப்பத்தின் பேரில் சம்மதிக்கிறேன்.'

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. அதில் வரும் 'என்' யார்?

1

எடைக்குறைப்பு அறுவையில் எனக்குச் செய்ததை 'ஸ்லீவ்' என்பார்கள். வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, கேமராவை விட்டுப் பார்த்துக்கொண்டே இரைப்பையை நெடுக்குவாக்கில் வெட்டித் தைக்கிறார்கள். பை மாதிரி இருந்தது சட்டைக் கை மாதிரி ஆகிவிடும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது இரைப்பையின் மேல் பகுதியில். அதுவும் சேர்ந்து போய்விடுகிறது. போனது திரும்ப வராது.

இந்த முடிவை நான் எப்போது எடுத்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் பள்ளி. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று தினமும் போய்வருகிற வழி. ரயில் தவறினால் பஸ். மூணு பேர் சீட்டில் நான் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் எழுந்து நின்றுகொள்வார். சிலர் வாய்விட்டே சொல்வார்கள்: "ரெண்டு டிக்கெட் எடுக்க வேண்டியதுதானே." அப்போது எடுத்த முடிவா? எட்டாம் வகுப்புப் பையன் கரும்பலகையில் என்னை ஒரு வட்டமாக வரைந்துவைத்த அன்றா? மூச்சு நின்று நின்று தூக்கத்தில் நான் திடுக்கிட்டு எழுவதைப் பார்த்து அம்மா இரவெல்லாம் உட்கார்ந்திருந்தாரே, அப்போதா? 112 கிலோ, உயரம் 154 செ.மீ., சர்க்கரை மாத்திரைக்கு அடங்கவில்லை என்று டாக்டர் தாளில் எழுதியபோதா? இத்தனை பேர் சேர்ந்து எடுத்த முடிவில் கடைசியில் கையெழுத்துப் போட்டவள் மட்டும்தான் நான்.

முடிவெடுத்த பிறகு அதைக் கலைத்த ஒரு சாவும் இருக்கிறது. 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த ஓர் இளைஞர் இதே மாதிரி அறுவைக்காகச் சென்னைப் பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். உயிரோடு திரும்பவில்லை. அரசு விசாரணை வைத்தது. மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது, நிர்வாகம் நீதிமன்றம் போனது. அதெல்லாம் செய்தி. எனக்கு மறக்காதது, அந்த வாரம் எங்கள் ஆசிரியர் அறையில் கேட்ட பேச்சு. "வாயக் கட்டியிருந்தா உயிரு இருந்திருக்கும்." மகனைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போகிற ஆறுதலில்கூட ஒரு குற்றப்பத்திரிகை சேர்ந்தே போகிறது. பருமனானவர் செத்தால் அவரே கொலையாளி, அவரே பிணம். அம்மா அன்று சொன்னார்: "வவுத்த அறுத்துக்கினு நீ ஒண்ணும் கிழிக்க வேணாம்டி. குண்டா இருந்தாலும் எம்பொண்ணு இரு." நான்கு மாதம் தள்ளிப்போட்டேன். சர்க்கரை தள்ளிப்போடவில்லை.

2

'அளவு மீறிய உடல்' என்கிறார்களே, அந்த அளவு யாருடையது?

உடல் நிறை குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ., எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. 1830களில் பெல்ஜியத்தின் கெத்தலே 'சராசரி மனிதன்' என்ற கற்பனையைக் கட்டியபோது வந்த கணக்கு. அவர் தேடியது மக்கள்தொகையின் சராசரியை, எந்த ஒருவரின் நோயையும் அல்ல. 1972இல் அமெரிக்க உடலியலாளர் ஆன்சல் கீஸ் அதற்கு இன்றைய பெயரை வைத்தார். அவர் குழு அளந்தது ஐந்து நாடுகளின் ஆண்களை. அதில் இந்தியா இல்லை, பெண் என்பவளே இல்லை. ஆனால் திண்டிவனத்தில் ஒரு டீச்சரின் தாளில் 47 என்று எழுதிச் சிவப்பு மையில் சுழித்தது அந்தக் கணக்குத்தான்.

இதே கீஸ் 1944-45இல் மினசோட்டாவில், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை வைத்துப் பட்டினிச் சோதனை நடத்தியவர். ஆறு மாதம் அரைப்பட்டினி, ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. அவர்கள் சமையல் புத்தகங்களை வெறியோடு படித்தார்கள், மனம் சிதைந்தார்கள். எனக்கு முதல் மாதத்துக்கென்று கொடுத்த உணவுத்தாள் ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. ஒரே விஞ்ஞானம் ஓரிடத்தில் அதைப் பட்டினி என்கிறது, இன்னோரிடத்தில் சிகிச்சை என்கிறது. இரண்டும் ஒன்று என்று நான் வாதாடவில்லை. பெயர் வைக்கிற அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நம் மண்ணில் இந்த அளவுகோல் முதலில் வந்தது எதிர்ப்பக்கத்திலிருந்து. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், சென்னை மாகாண நிவாரண வேலைக்கு வந்த கூலிக்காரனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் நிர்ணயித்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உயிரைத் தாங்காது என்று எதிர்த்து எழுதினார். ஆக அரசு எங்கள் வயிற்றைப் பற்றிக் கேட்ட பழைய கேள்வி, 'எவ்வளவு குறைவாகப் போட்டால் சாகாமல் வேலை செய்வான்?' என்பதுதான். இப்போது கேள்வி திரும்பிவிட்டது. ஃபூக்கோ சொன்ன உயிர் அதிகாரம் நமக்குப் பிரெஞ்சுக்காரர் வழியாக வரவேண்டிய அவசியமே இல்லை. தென்னாற்காட்டுக் கஞ்சித்தொட்டி போதும்.

இது வெறும் உருவகம் அல்ல. கருவில் போதாத உணவோடு வளர்ந்து எடை குறைவாகப் பிறக்கிற இந்தியக் குழந்தைகள், மெலிந்து தெரிந்தாலும் உடலில் கொழுப்பைச் சேமித்தே பிறக்கிறார்கள் என்பதைப் புனேயில் யாஜ்னிக் குழுவினர் காட்டினார்கள். பிற்காலச் சர்க்கரை நோய்க்கு இதுவும் ஒரு வேர் என்பது அவர்கள் கருதுகோள். எங்க ஆயா கம்பங்கூழுக்கே வழியில்லாத நாளில் ஏழு பெற்றவர். 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். அந்த அரிசியைத் திட்டுகிற மேட்டுக்குடிப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை, அது பட்டினியைத் துரத்திய அரிசி. ஆனால் கம்பும் வரகும் இன்று 'ஆர்கானிக்' கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. ஆயாவுக்கு வறுமையின் அடையாளமாக இருந்தது எனக்கு எட்டாத ஆரோக்கியமாக விலைபேசப்படுகிறது. தமிழ்நாட்டில் பருமனான அல்லது எடை கூடிய பெண்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம் என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அதே 2019-21இல் 12.6 சதவீதம் பெண்கள் இருக்கவேண்டிய எடைக்கும் கீழே. ஐந்தே வருஷத்தில் பத்தில் ஒரு பங்குப் பெண்களுக்கு ஒரே நேரத்தில் மனக்கட்டுப்பாடு போய்விட்டதா என்ன?

இன்னொரு பிரதி, காப்பீடு. 2019இன் ஒழுங்குமுறைப்படி குறியீட்டெண் குறைந்தது 40 இருக்க வேண்டும். அல்லது 35ம், கூடவே கடுமையான இதயநோயோ, தூக்கத்தில் மூச்சடைப்போ, கட்டுக்கடங்காத சர்க்கரையோ இருக்க வேண்டும். அதோடு எளிய முறைகளெல்லாம் முயன்று தோற்றிருக்க வேண்டும். தோல்விக்குச் சான்று! பேலியோ, வாக்கிங், சீரகத் தண்ணி என்று நான் தோற்ற தோல்விகளையெல்லாம் தேதிவாரியாக எழுதிக்கொடுத்தேன். பாவமன்னிப்புக் கூண்டில் முழங்கால் போட்ட மாதிரி இருந்தது.

3

சரி, இதெல்லாம் அவர்கள். நம்ம ஆளுங்க?

நமது பத்திரிகைகளின் கேலிச்சித்திரங்களை எடுத்துப் பாருங்கள். முதலாளி என்றால் தொந்தி. பண்ணையார் என்றால் தொந்தி. உழைப்பாளி என்றால் விலா எலும்பு. கொழுப்பு சுரண்டலின் சின்னமாகவும் மெலிவு அறத்தின் சின்னமாகவும் நம் கருத்தியலில் படிந்துவிட்டது. துறவியின் ஒட்டிய வயிற்றைப் புனிதமாக்கிய அதே வைதிக, சமணப் பழக்கம் சிவப்புத் துண்டு போட்டுக்கொண்டு வருகிறது. இன்று ஒட்டிய வயிறு வாங்கக் காசு வேண்டும். ஜிம், சாலட், நேரம், எல்லாம் காசு. விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டுப் பரோட்டா தின்கிறவருக்கு அது கிடைக்காது. இந்தத் தலைகீழ் மாற்றத்தை நம் சித்திரக்காரர்கள் இன்னும் கவனிக்கவில்லை.

தமிழ் சினிமா இதை வியாபாரமாகவே செய்தது. குண்டு கல்யாணத்துக்கு உடம்பே பட்டப்பெயர். 2025இல் இறந்த பிந்து கோஷ் நடனம் தெரிந்தவர், ஆனால் திரை அவரிடம் கேட்டது பெரும்பாலும் அவர் உடம்பை மட்டும். நாமும் கைதட்டினோம். சாதியை வைத்துச் சிரித்தால் எழுந்து கத்துகிற நாம் இதற்குச் சிரித்தோம். நானும்தான்.

அறுவைக்குப் பிறகு ஒரு தோழர் வந்தார். நல்லவர். "மருத்துவ முதலாளியத்துக்கு ஒடம்பக் கொடுத்துட்டீங்களே டீச்சர்" என்றார். ஒப்புதல் படிவம் 'நீயே விரும்பினாய்' என்றது, தோழர் 'நீயே ஏமாந்தாய்' என்றார். இரண்டிலும் குற்றவாளிக் கூண்டில் ஒரே ஆள். சந்தையும் நம் விமர்சனமும் இந்த ஒரு புள்ளியில் கைகுலுக்குகின்றன. லாரன் பெர்லாண்ட் 2007இல் எழுதிய 'மெல்லச் சாதல்' குறித்த கட்டுரை இங்கே உதவும். தேய்ந்துகொண்டே வாழ்கிறவர்களுக்குச் சாப்பிடுவது திட்டமிட்ட செயல் அல்ல, அன்றாடத்திலிருந்து கிடைக்கிற ஒரு சின்ன இளைப்பாறல் என்பது அவர் வாதம். இறையாண்மையுள்ள 'நான்' ஒன்று உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு வாய்க்கும் தீர்மானம் போடுவதில்லை.

4

ஆனால் கோட்பாடு நின்றுபோகிற ஓர் இடமும் உண்டு. அதையும் எழுதாவிட்டால் நான் பொய் சொன்னவள்.

முதல் நாள் ஒரு சின்ன மருந்துக் கிண்ணத்தில் தண்ணீர், 30 மில்லி. அதைக் குடிக்கக் கால் மணி. இரண்டு வாரம் திரவம், பிறகு மசித்தது, பிறகு குழைந்தது, இட்லி என்ற பொருளைப் பார்க்க ஒரு மாதத்துக்கு மேல். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் அரைமணி இடைவெளி. நாளைக்கு அறுபது கிராம் புரதம் சேர்க்க முட்டை வெள்ளையோடும் பயறோடும் மல்லுக்கட்டு. நான்காம் மாதம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. பி12, இரும்பு, கால்சியம், டி எல்லாம் ஆயுள் முழுக்க. உடல் ஒரு பிரதி என்று பேசியவள்தான் நான். பிரதிக்கு வாந்தி வராது.

நான் எதிர்பார்க்காதது, பசி போன துக்கம். பசி எனக்கு எதிரி என்றே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது போன பிறகு சாயங்காலம் நாலு மணி என்ற ஒரு பொழுதே இல்லாமல் போயிற்று. கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்தால் பெரியம்மாவுக்குக் கோபம்: "எங்க வூட்டு சோறு எறங்கலியா?" நம் ஊரில் சோற்றை மறுப்பது உறவை மறுப்பது. யார் வீட்டில் கை நனைப்பது, யார் வீட்டில் கூடாது என்று சாதியே சோற்றில்தானே எழுதப்பட்டிருக்கிறது. சேரியிலிருந்து வரும் என் தோழி வீட்டில் பாதி இட்லியை நான் வைத்துவிட்டபோது அவள் முகம் ஒரு நொடி மாறியது. அந்த நொடியை எந்த டயட்டீஷியனும் எனக்குச் சொல்லித்தரவில்லை. விளக்கிச் சொன்ன பிறகு அவள் அந்தப் பாதியைத் தானே எடுத்துச் சாப்பிட்டாள். இப்போது அது எங்கள் வழக்கம்.

ஒப்புக்கொள்ள வேண்டியது: 31 கிலோ குறைந்திருக்கிறேன். சர்க்கரை மாத்திரை பாதியாகிவிட்டது. அம்மா தூங்குகிறார். 1987இல் தொடங்கிப் பல்லாண்டு நடந்த சுவீடன் ஆய்வும் இத்தகைய அறுவை செய்தவர்களிடம் இறப்பு குறைவதையே காட்டியது. எடை திரும்ப ஏறுகிறவர்களும் உண்டு, மனம் உடைந்து போகிறவர்களும் உண்டு. வெறும் ஏமாற்று என்று தூக்கிப்போட முடியாது, விடுதலை என்று கொண்டாடவும் முடியாது. 2025இல் எடை குறைக்கும் ஊசிகளும் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. கத்தி போய் ஊசி வந்தாலும் வாக்கியம் அதேதான்.

கோரிக்கை என்று கேட்டால் என்னிடம் இருப்பது சின்னது. அறுவையை விற்கிறவர்கள் பெருநகரத்தில் இருக்கிறார்கள், ஆயுள் முழுக்கத் தேவைப்படுகிற கவனிப்பு நோயாளியின் ஊரில் வேண்டியிருக்கிறது. ஒரு ரத்தப் பரிசோதனைக்கும் ஓர் ஆலோசனைக்கும் 160 கிலோமீட்டர் போய் ஒரு நாள் சம்பளம் இழக்கிறோம். மாவட்ட, வட்ட அரசு மருத்துவமனைகளில் இதற்கு வாரம் ஒரு நாள் ஒதுக்கச் சொல்லிக் கேட்கலாம். அறுவைக்கு முன் அந்த நாலு பக்கத்தையும் ஒருவர் உட்கார்ந்து, நம் பேச்சுத் தமிழில், சாவு உட்பட எல்லாவற்றையும் சொல்லி வாசித்துக்காட்ட வேண்டும் என்று கேட்கலாம். பஸ் சீட்டின் அகலத்தைக்கூடக் கேட்கலாம், அது யாரோ ஒரு சராசரி மனிதனுக்கு அளந்தது. கூட்டங்களில் இதைக் கேட்க நமக்குக் கூச்சம், ஏனென்றால் இது 'பெரிய' பிரச்சினை இல்லை.

அன்றிரவு பெருக்கல் குறி போட்ட ஏழு இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். எட்டாவதாக, காலியாக இருந்த ஓரத்தில், 'என்' என்பதை அடித்து 'எங்கள்' என்று எழுதினேன். காலையில் நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "இப்டியெல்லாம் திருத்தக் கூடாது மேடம்" என்று புதுத் தாள் கொண்டுவந்தார். திருத்தாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நேரமாகியிருந்தது.