பதின்மூன்று தோட்டா பிடிக்கும் கைப்பிடி

பிஸ்டல் என்றதும் எல்லோருக்கும் குழல்மேல்தான் கண் போகும். பிரௌனிங் ஹை-பவரை மட்டும் கைப்பிடியிலிருந்து ரசிக்கத் தொடங்க வேண்டும். அதன் மொத்தச் சாமர்த்தியமும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

நிறையத் தோட்டா பிடிக்கும் பிஸ்டல் வேண்டுமென்று கேட்டது பிரெஞ்சு ராணுவம். வேலையை எடுத்துக்கொண்டது பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம். வடிவமைப்பைத் தொடங்கிய ஜான் பிரௌனிங் 1926 நவம்பரில் லியேஜில், வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே காலமானார். முடித்துவைத்தவர் டியூடொனே செவ். 1928-ல் கோல்ட் நிறுவனத்தின் காப்புரிமைகள் காலாவதியானதும், பிரௌனிங்கின் பழைய 1911 பிஸ்டலில் இருந்த நல்ல அம்சங்களையும் இதில் சேர்த்துக்கொண்டார். ஆனால் இரட்டை வரிசை மேகசின் செவ்வின் சொந்தச் சரக்கு. 1935-ல் பெல்ஜிய ராணுவம் இந்தப் பிஸ்டலை ஏற்றது.

அந்த மேகசினைத் தனியே கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே தோட்டாக்கள் இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்து இரண்டு வரிசையாக ஏறுகின்றன. மேலே வர வரத் தகடு குறுகி, வாயில் ஒரே ஒரு தோட்டாதான் நிற்கும். அடியில் கூட்டம், வாசலில் ஒழுங்கு. 1911-ல் 7 தோட்டா, இதில் 13. ஆனாலும் பிடி பருத்துவிடவில்லை.

இந்தப் புகழில் பாதி தோட்டாவுக்குச் சேரும். கேயோர்க் லூகர் வடிவமைத்த 9 மி.மீ. பாராபெல்லம் 1902-லிருந்தே புழக்கத்தில் இருந்தது. தோட்டாக் கூட்டின் நீளம் 19 மி.மீ.; அடியிலிருந்து வாய்வரை லேசாக ஒடுங்கும். அந்த ஒடுக்கத்தால் அறைக்குள் சுலபமாக நுழையும், சுட்டபின் சுலபமாகக் கழன்றுவரும். 8 கிராம் ரவை நொடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் பறக்கும். 1911-ன் .45 ரவை 15 கிராம். அந்தப் பருமனை இரட்டை வரிசையில் அடுக்கினால் பிடி தடித்துப்போகும்.

குழலின் அடியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 1911-ல் ஆடும் சிறு இணைப்புத் துண்டு இருந்த இடத்தில், இதில் குழலோடு ஒன்றாகச் சரிவு வெட்டிய எஃகு மட்டுமே. சுட்டதும் குழலும் அதை மேலே மூடி முன்பின் நகரும் ஸ்லைடும் பூட்டியபடியே கொஞ்சம் பின்னால் நகரும். ரவை வெளியேறி அழுத்தம் தணிந்தபின், அந்தச் சரிவு குழலின் பின்முனையைக் கீழே இறக்கும். பூட்டு விடுபட்டு ஸ்லைடு மட்டும் பின்னே ஓடி, வெற்றுக் கூட்டைத் தூக்கி எறியும். தேயக்கூடிய ஒரு பாகம் இல்லாமலே போயிற்று.

குறைகளும் உண்டு. மேகசின் உள்ளே இல்லையென்றால் சுடாதபடி ஓர் அமைப்பு வைத்தார்கள். அது மேகசினில் உரசுவதால் விசையை இழுக்கும்போது விரலில் ஒரு கரகரப்புத் தட்டும். பழைய மாடல்களில் சேஃப்டி லீவர் கட்டைவிரலுக்குச் சரியாக அகப்படாது. பின்னே சாயும் சுத்தியல் கைச்சதையைக் கடிக்கும்.

இரண்டாம் உலகப்போரில் எஃப்.என். தொழிற்சாலையைப் பிடித்த ஜெர்மானியர் தங்கள் படைக்கு இதைச் செய்துகொண்டார்கள். எதிரணிக்காக டொரான்டோவில் இங்லிஸ் நிறுவனம் செய்தது. மேற்கு வங்கத்து இஷாப்பூரில் தயாரான இந்தியாவின் 9 மி.மீ. 1ஏ பிஸ்டலும் இந்த வம்சம்தான்.

2013-ல் பிரிட்டிஷ் ராணுவம், 17 தோட்டா பிடிக்கும் கிளாக் பிஸ்டலுக்கு மாறியது. எண்ணிக்கையில் ஹை-பவர் தோற்றுவிட்டது, சரி. ஆனால் உள்ளங்கையில் பொருந்தி உட்காரும் விஷயத்தில் அது தோற்கவில்லை என்பதே என் கட்சி.