ஊர் பார்த்து எழுதுவது

நம் பிரயாணக் கட்டுரைகளில் பலவற்றை என்னால் கடைசி வரையில் படிக்க முடிவதில்லை. எழுதியவருக்குத் தமிழ் வராது என்பதல்ல காரணம். பலருக்கு நன்றாகவே வருகிறது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும், பார்த்து என்ன நினைக்க வேண்டும் என்பதையெல்லாம் துணிமணிகளோடு பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டுதான் அவர் வீட்டை விட்டே கிளம்புகிறார். கோவிலைக் கண்டால் மெய்சிலிர்ப்பு. இடிந்த கோட்டையைக் கண்டால் பெருமூச்சு. ஏரியைக் கண்டால் சூரிய அஸ்தமனம். ஊருக்கு ஊர் பெயர்தான் மாறுகிறது. பெயரை எடுத்துவிட்டால் எந்த ஊரைப் பற்றிய கட்டுரை என்று ஊர்க்காரனாலேயே சொல்ல முடியாது.

இந்த ரகக் கட்டுரையாளரை அத்திப்பட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில், எண்ணூரைத் தாண்டி, மீஞ்சூருக்கு முன்னால் வருகிற ஊர். பெருமூச்சு விட அங்கே ஒன்றும் இல்லை. 1994-ல் மின்சாரம் தர ஆரம்பித்த வட சென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் நிலக்கரியும் சாம்பலும்தான் கண்ணில் படும். ரசிகர் அடுத்த ரயிலுக்கு நேரம் கேட்பார். ஆனால் அந்த ஊரைச் சுற்றி ஒரு நாள் நடையிலும் பஸ்ஸிலும் போய் வரக்கூடிய தூரத்துக்குள், கோவிலும் மாதா கோவிலும் பள்ளிவாசலும் கோட்டையும் கல்லறையுமாக ஐந்நூறு வருஷத்துச் சரித்திரம் கிடக்கிறது. அதைப் பற்றி எழுதுவதில் நமக்கு உள்ள தரித்திரத்தைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

மீஞ்சூரில் ஏகாம்பரேசுவரரும் வரதராஜப் பெருமாளும் இருப்பதால் அதை வட காஞ்சி என்கிறார்கள். பொன்னேரியைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனால் திருப்பாலைவனம். அங்கே சோழ ராஜாவின் யானை, பாலை மரம், மரத்தடியில் லிங்கம் என்று ஒரு ஸ்தல புராணம் உண்டு. படித்தவர்கள் ஸ்தல புராணத்தைக் கண்டு சிரிக்கிறார்கள். எனக்கு அதனிடம் மரியாதை உண்டு. அது உண்மை என்று நம்புவதனால் அல்ல. இந்தக் கல் ஏன் இங்கே இருக்கிறது என்ற கேள்வியை அது கேட்கிறது. கேட்டு ஒரு கதையைப் பதிலாகத் தருகிறது. நம் கட்டுரையாளரோ நூற்றாண்டைச் சொல்லிவிட்டுக் காப்பி சாப்பிடப் போய்விடுகிறார். கதை சொல்லத் தெரிந்த கிழவிக்கும் தேதி மட்டும் தெரிந்த குமாஸ்தாவுக்கும் உள்ள வித்தியாசம் அது.

பழவேற்காட்டுக்கு வருவோம். விஷயம் அங்கேதான் கனமாகிறது.

விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று டச்சுக்காரர்கள் அங்கே பண்டசாலை போட்டார்கள். 1612-ல் சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர்கள் வந்து அதைத் தாக்கினார்கள். மறு வருஷம் கோட்டை எழுந்தது. அதற்குக் கெல்டிரியா என்று பெயர். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகிற வரையில், சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைநகரம் பழவேற்காடுதான். அங்கே காசு அடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள், துணி வாங்கிக் கப்பல் ஏற்றினார்கள். அந்த ஊர்க் கைக்குட்டைத் துணி எவ்வளவு தூரம் போயிற்று என்றால், மெக்ஸிகோ நாட்டில் கழுத்தில் கட்டிக்கொள்ளும் பூத்துணிக்கு இன்றும் 'பாலியாகாதே' என்றுதான் பெயர். நம் பழவேற்காடுதான் அந்த நாக்கில் அப்படித் திரிந்திருக்கிறது என்கிறார்கள். 1825-ல் ஊர் கடைசியாக ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கோட்டை அதற்கு முன்பே தகர்க்கப்பட்டுவிட்டது. இப்போது அது இருந்த இடத்தில் மேடும் முள்ளும்.

கோட்டை போய்விட்டது, கல்லறைகள் இருக்கின்றன. தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே பெரிய பெரிய கற்பலகைகள். பெயர், உத்தியோகம், பிறந்த ஊர், இறந்த தேதி, குடும்பச் சின்னம், சுற்றிலும் பூவேலை. ஒரு பலகையில் அந்தக் கோட்டையின் தோற்றத்தையே செதுக்கியிருக்கிறார்கள். நிஜக் கோட்டை மண்ணாகிவிட்டது, ஒரு செத்தவன் தலைமாட்டில் இருந்த படம் பிழைத்துவிட்டது. நாவலாசிரியன் இதைக் கற்பனை செய்து எழுதினால் செயற்கை என்று விமரிசகர்கள் அடிப்பார்கள்.

நான் இந்தக் கற்களை இலக்கியமாகவே படிக்கிறேன். நல்ல கட்டுக்கோப்பு, வீண் சொல் கிடையாது. ஆனால் எந்த எழுத்தையும் சொன்னதை வைத்து மட்டும் எடை போட்டுவிட முடியாது. சொல்லாமல் விட்டதையும் தட்டில் வைக்க வேண்டும். இந்தக் கரையில் செதுக்கிய கல்லறைப் பலகைகள் இலங்கைக்கும் பட்டேவியாவுக்கும்கூடக் கப்பலில் போயின. செதுக்கியவன் நம் கல்தச்சன். தான் வெட்டிய டச்சு எழுத்து ஒன்றுகூட அவனுக்குப் படிக்கத் தெரிந்திராது என்றே நினைக்கிறேன். ஒரு சுழியும் பிசகாமல் வெட்டியிருக்கிறான். அவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அவனாவது கல்லில் கைவேலையை விட்டுப் போனான். அதுவும் இல்லாதவர்கள் இருந்தார்கள். இதே துறையிலிருந்து துணி மூட்டைகளோடு மனிதர்களையும் ஏற்றினார்கள். 1620-களில் தொடங்கி, பஞ்சம் வந்தபோதெல்லாம் மலிவாகக் கிடைத்த ஆண், பெண், குழந்தைகள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் பட்டேவியாவுக்குப் போனார்கள். பழவேற்காட்டைப் பற்றிப் 'பழமையின் எழில்' என்று எழுதுகிறவர்களிடம் எனக்குள்ள சண்டை இதுதான். கல்லறையின் பூவேலையைப் பாராட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கல்லறையே இல்லாதவர்களை ஒரு வாக்கியத்தில்கூட நினைக்காத கட்டுரை, செத்துப்போன வியாபாரிக்கு இன்னொரு முறை கல் நாட்டுகிற காரியந்தான்.

இந்த ஊரில் வாழ்ந்து எழுதிய ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆப்ரஹாம் ரோஜேரியுஸ் என்ற டச்சுப் பாதிரியார் 1630-களில் பழவேற்காட்டுக்கு வந்து பத்து வருஷம்போல இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணர் அவருக்கு நம் வழக்கங்களையும் சாஸ்திரங்களையும் போர்த்துகீசிய மொழியில் எடுத்துச் சொன்னார். அந்தப் பேச்சிலிருந்து பிறந்த புத்தகம், ஆசிரியர் காலமான பிறகு, 1651-ல் லைடன் நகரில் அச்சாயிற்று. மறைந்து கிடக்கும் அன்னிய மதத்துக்குத் 'திறந்த கதவு' என்பது போன்ற தலைப்பு. கடைசியில் பர்த்ருஹரியின் நீதிச் செய்யுட்களும் வைராக்கியச் செய்யுட்களும் டச்சு வசனத்தில். சமஸ்கிருதக் கவிதை ஐரோப்பிய அச்சுக்கு முதன்முதலாகப் போனது இந்த மீன் வாசமடிக்கிற ஊரிலிருந்துதான். சிருங்காரம் போகவில்லை.

அந்தப் பாதிரியாரின் நோக்கம் மத நோக்கம். அன்னிய மதம் என்ற தலைப்பே அதைச் சொல்கிறது. இருந்தாலும் அவரிடம் ஒரு குணம் இருந்தது: தெரியாததைத் தெரிந்தவரிடம் உட்கார்ந்து கேட்டார், கேட்டதை எழுதினார், சொன்னவர் பெயரையும் மறைக்கவில்லை. நம் பிரயாண எழுத்தாளர்கள் இந்த மூன்றையும் செய்தால் போதும், எனக்குப் பாதிக் குறை தீர்ந்துவிடும். அவருடைய குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு வாசலில் மட்டும் கேட்டார். புத்தகத்தின் முதல் பகுதி பிராமணர் வாழ்க்கை. இரண்டாவது பகுதி அவர்கள் நம்பிக்கையும் வழிபாடும். நெசவாளியும் செம்படவனும் மரக்காயரும் அதே தெருக்களில் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை உட்கார வைத்துக் கேட்டிருந்தால் அவர் கதவு இன்னும் அகலத் திறந்திருக்கும். இந்தப் புத்தகம் நல்ல தமிழில், எளிய விலையில், வாசகர் கைக்குக் கிடைக்க வேண்டும். பழவேற்காட்டுக்குச் செய்யக்கூடிய பெரிய மராமத்து அதுவே.

மராமத்து என்றதும் பிரான்ஸ் தேசம் ஞாபகம் வருகிறது. அங்கே 1834-ல் புராதனக் கட்டடங்களின் இன்ஸ்பெக்டராக நியமிக்கப்பட்ட ப்ராஸ்பர் மெரிமே ஒரு கதாசிரியர். 'கார்மென்' எழுதியவர். கிராமம் கிராமமாகப் போய்ச் சர்ச்சுகளையும் கோட்டைகளையும் பார்த்து அறிக்கை எழுதினார். வெஸ்லே என்ற சிற்றூரின் மாதா கோவில் இன்று நிற்பதற்கு அவரும் ஒரு காரணம். அவர் அறிக்கைகளில் பெருமூச்சு குறைவு. கூரை எங்கே ஒழுகுகிறது என்பது அதிகம். கதை எழுதுகிறவனுக்கு ஒழுகுகிற இடம் தெரிய வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பழவேற்காட்டில் ஒழுகுகிற இடங்கள் ஏராளம். 1515-ல் போர்த்துகீசியர் காலத்தில் தொடங்கிய மாதா கோவிலின் பரம்பரை அறுபடவில்லை. இப்போது நிற்பது புதுக் கட்டடம். செம்புறைக் கல்லால் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோவிலில் ராமாயணக் காட்சிகள் விரற்கடை அளவில் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்கச் சூரிய கடிகாரம் இருக்கிறது. ஜெபிக்கிறவர்களுக்குக் கூரை ஒழுகாத கோவில் வேண்டும். பழைய சுவருக்காக அவர்கள் மழையில் நனைய வேண்டும் என்று சொல்ல வெளியூர் ரசிகனுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் இடிப்பதற்கு முன்னால் அளந்து, படமெடுத்து, ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வைக்கலாம். அதற்குப் பணம் அதிகம் செலவாகாது. அக்கறைதான் வேண்டும்.

அத்திப்பட்டை நான் முதலில் சொன்னது வேடிக்கைக்காக அல்ல. அதன் பக்கத்தில் ஓடி எண்ணூர்க் கழியில் விழுகிற கொசஸ்தலை ஆற்றின் மேல்பகுதியில்தான் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றில் மிகப் பழையவை சுமார் பதினைந்து லட்சம் வருஷத்தவை என்று 2011-ல் வெளியான ஆராய்ச்சி சொல்லிற்று. ஆற்றின் தலைமாட்டில் ஆதி மனிதன் போட்டுப்போன கல். கால்மாட்டில் நாம் கொட்டிய சாம்பல். கழியில் சாம்பல் படிந்து மீன் குறைந்தது என்று எண்ணூர்ச் செம்படவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். இதுவும் சரித்திரந்தான். டச்சுக்காரன் காலத்துப் பண்டசாலையைப் பற்றி எழுதுகிறவர் நம் காலத்துப் பண்டசாலையைத் தாண்டிக் கண்ணை மூடிக்கொண்டு போனால், அவர் முன்னதையும் சரியாகப் பார்த்திருக்க மாட்டார் என்றுதான் நான் சந்தேகிப்பேன்.

அடுத்த முறை யாராவது பழவேற்காட்டைப் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் ஒரு யோசனை சொல்வேன். பூநாரைகளையும் அஸ்தமனத்தையும் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். முதலில் படகுக்காரரிடம் அவர் பாட்டனார் என்ன தொழில் செய்தார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதுங்கள். அப்புறம் இடமிருந்தால் அஸ்தமனம் வரட்டும்.