வாளிப் பாலில் வேதியியல்

ஆறாம் படிவத்திலோ மெட்ரிகுலேஷனிலோ வேதியியல் எடுக்கும் பிள்ளைகள் முதலில் மிரள்வது மோலையும் கரைசல் செறிவையும் பார்த்துத்தான். சூத்திரத்தை மனப்பாடம் செய்து கணக்குகளைப் போட்டுத் தள்ளினால் மதிப்பெண் வரும், ருசி வராது. பேராக்கில் வளர்ந்தவர்கள் அந்த ருசியைப் பழக வெகுதூரம் போக வேண்டாம்.

ரப்பர்த் தோட்டத்திலிருந்து தொடங்குங்கள். பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனாலும் பால் வெட்டிய பாட்டி வீட்டில் இருந்தால், ஸ்டோரில் பாலை எப்படி எடை போட்டார்கள் என்று கேளுங்கள். பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். அதனால் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை விட்டு உலர் ரப்பரின் விழுக்காட்டைப் பார்ப்பார்கள். 20 கிலோ பாலில் 30 விழுக்காடு என்றால் ரப்பர் 6 கிலோ. பால் வடியும் மங்கில் விழுந்த மழைநீர் 2 கிலோ சேர்ந்துவிட்டால் விழுக்காடு 27 ஆக இறங்கும், ரப்பர் அதே 6 கிலோதான். செறிவு மாறும், பொருளின் அளவு மாறாது: நீர்த்தல் பாடம் இவ்வளவுதான். அந்த 20 கிலோ பாலை 15 விழுக்காட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்? தாளைத் தொடாமல் சொல்லிப் பாருங்கள். பல தோட்டங்களில் கூலியே இந்த விழுக்காட்டை ஒட்டித்தான் கணக்கானது. இதை அறிந்தபின் செறிவுக் கணக்கை அலட்சியமாகப் போட எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்து, பாலைக் கட்டியாக்கும் ஆசிட். ரப்பர்த் துகள்களின் மேல் எதிர்மின்னூட்டம் உண்டு. ஒன்றையொன்று தள்ளுவதால்தான் பால் பாலாகவே நிற்கிறது. நீர்த்த ஃபார்மிக் அமிலத்தைக் கலந்தால் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தைத் தணிக்கின்றன, துகள்கள் சேர்ந்து கட்டியாகின்றன. முசுறு எறும்பு கடித்த இடத்தில் பீய்ச்சுவதும் இதே அமிலம்தான். இது வீரியம் குறைந்த அமிலம். 0.1 மோலார் கரைசலில் நூற்றுக்கு நான்கு மூலக்கூறுகளே அயனியாகின்றன. பிஎச் சுமார் 2.4. அதே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு அது 1. இரண்டையும் அடுத்தடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள், வேறுபாடு கைக்குப் பிடிபடும்.

பிறகு ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள். கல்லுமலைக் கோயிலுக்குப் போகும்போது பாறையைக் கவனியுங்கள்: கால்சியம் கார்பனேட், ஒரு மோலுக்கு 100 கிராம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடை ஏந்திவந்து இந்தப் பாறையைக் கரைக்கிறது. கோப்பெங் அருகே குவா தெம்புரோங் குகைக்குள் அந்த நீர் சொட்டும்போது வாயு வெளியேறுகிறது, வினை பின்னோக்கித் திரும்புகிறது, கல் மறுபடி படிகிறது. சமன்பாட்டின் இரட்டை அம்புக்குறிக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. 100 கிராம் கல் படிய 44 கிராம் வாயு வெளியேற வேண்டும். தலைக்கு மேல் தொங்கும் விழுது ஒன்றின் எடையை ஊகித்து, அது வெளியேற்றிய வாயு எவ்வளவு என்று அங்கேயே நின்று கணக்கிடுங்கள்.