நானம்மாள் பாட்டியின் முதுகு

கோவை நானம்மாள் பாட்டி ஆசனம் போடும் காணொளிகளில் எல்லோரும் அவர் கால் எவ்வளவு வளைகிறது என்றுதான் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது, அவர் ஆசனத்திலிருந்து மீண்டு வரும் விதம். ஹலாசனத்தில் தலைக்குப் பின்னால் தரையைத் தொட்ட கால்களைப் பொத்தென்று போடமாட்டார். சுருட்டிய பாயைப் பிரிக்கிற மாதிரி, முதுகு கொஞ்சங் கொஞ்சமாகத் தரையில் படியும். தொண்ணூறைத் தாண்டிய உடம்பு. முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது, மூச்சு இரைக்காது. அதுவும் புடவைக்கட்டோடு! கொசுவம் கலையாமல் உட்கார்ந்து எழுவதே நமக்குப் பெரும்பாடு.

2018இல் பத்மஸ்ரீ வந்தது. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அவரே வாத்தியார். 2019 அக்டோபரில், 99 வயதில் காலமானார். அவர் குடும்பத்தில் பலர் இன்று யோகா ஆசிரியர்கள்.